பனிச்சாலையில் பின்சக்கர இயக்கக் கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது, எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். குளிர்காலம் முழுவதும் அதை மூடிப் போட்டு வைப்பதே நல்லது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பனியில் அதை ஓட்டுவது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தானதா?

பதில்: ஆபத்து உண்டு, ஆனால் அவர்கள் சுட்டிக்காட்டும் இடத்தில் அது பெரும்பாலும் இல்லை. காரைத் தரையோடு பிணைப்பவை, நான்கு டயர்களும் சாலையைத் தொடும், உள்ளங்கை அளவேயான நான்கு பரப்புகள் மட்டுமே. ஒவ்வொரு டயருக்கும் ஓர் அளவுக்கு மேல் பிடிமானம் கிடையாது; அந்த அளவுக்குள்தான் அது காரை இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் தங்கள் பிடிமானத்தை இழுப்பதிலேயே செலவழித்துவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். பின்சக்கர இயக்கக் காரில் அதே தவறு நடந்தால் பின் டயர்கள் பக்கவாட்டுப் பிடிப்பை இழக்க, காரின் பின்பகுதி வெளிப்பக்கமாக வீசப்படும். பழகாதவருக்கு இரண்டாவதைச் சமாளிப்பது கடினம். அதனால்தான் இந்தக் கார்களுக்கு இவ்வளவு கெட்ட பெயர்.

ஆனால் நிறுத்தும் நேரத்தில் இயக்கம் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பது ஏறக்குறைய பொருட்டே அல்ல, ஏனெனில் பிரேக் நான்கு சக்கரங்களிலும் வேலை செய்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்த பிறகு, உலர்ந்த தார்ச்சாலையில் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அதற்குச் சுமார் 50 மீட்டர் தேவைப்படும். வழவழப்பான பனிக்கட்டியில் இது 100 மீட்டரை நெருங்கும். நான்கு சக்கர இயக்கக் காருக்கும் இதே கணக்குத்தான். அத்தகைய கார் பனியில் சுலபமாகக் கிளம்பி வேகமெடுத்துவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே அதன் ஓட்டுநருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. உங்கள் காரோ கிளம்பும்போதே அதைச் சொல்லிவிடும். நல்ல டயர் போட்டு, நிதானமாக ஓட்டத் தெரிந்தவர், குளிர்காலத்தின் பெரும்பாலான நாட்களில் இந்தக் காரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: காரோடு வந்த அகலமான கோடைக்கால டயர்கள் இன்னும் புதிதாகவே இருக்கின்றன. இயங்குபவை பின்சக்கரங்கள் மட்டும்தானே; அவை இரண்டுக்கும் மட்டும் குளிர்கால டயர் போட்டால் போதாதா?

பதில்: போதாது. அப்படிச் செய்தால் கார் நன்றாகக் கிளம்பும். ஆனால் முதல் வளைவிலேயே முன் டயர்கள் திரும்ப மறுக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயர்களுடையது என்பதால் நிற்கவும் மறுக்கும். முன்னால் மட்டும் மாற்றுவது இதைவிட மோசம், ஏனெனில் பிரேக்கைத் தொட்டவுடன் பின்பகுதி சுழன்று முன்னால் வரப் பார்க்கும். நான்கையும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

கோடைக்கால டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே இறுகத் தொடங்கிவிடுகிறது. பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதன் பிடிமானம் குறையும். பந்தயத் தன்மை கொண்ட சில டயர்கள் கடுங்குளிரில் அசைக்கப்பட்டாலே வெடிப்பு விடக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி கலக்கப்படுகிறது. சாலையைத் தொடும் அதன் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல நெளிநெளியான மெல்லிய வெட்டுகள் இருப்பதைக் குனிந்து பார்த்தால் காணலாம். டயர் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து, எண்ணற்ற சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் அடைபடும் பனியும் சாலையில் கிடக்கும் பனியோடு ஒட்டிப் பிடிப்பைக் கூட்டுகிறது. வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அந்தச் சின்னம் கிடைக்கிறது. ‘எம் பிளஸ் எஸ்’ என்ற குறி மட்டும் இருந்தால் அது எந்தச் சோதனையையும் உறுதிப்படுத்துவதில்லை. பள்ளங்களின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போகும்படி தேய்ந்த குளிர்கால டயரைப் பனிக்கு நம்ப வேண்டாம்.

அகலத்தைப் பொறுத்தவரை, உங்கள் காருக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் குறுகியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அகலமான டயர் ஆழமான பனியின் மேலும் பாதி உருகிய சேற்றுப்பனியின் மேலும் மிதக்கப் பார்க்கும். குறுகிய டயரோ அதைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். ஓர் அங்குலம் சிறிய ரிம்மில் உயரமான பக்கச்சுவர் கொண்ட டயரைப் போட்டால், பனிக்குள் மறைந்த குழிகளில் ரிம் அடிபடுவதும் குறையும். ஆனால் அந்தச் சிறிய ரிம், சக்கரத்துக்குள் இருந்து பிரேக்கை அழுத்தும் கேலிப்பரில் உரசாமல் பொருந்துகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை குறையும் என்பதால், குளிர் கூடும்போதெல்லாம் அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். காற்றைக் குறைத்தால் பனியில் பிடிமானம் கூடும் என்று சொல்பவர்களின் பேச்சைச் சாலைப் பயணத்துக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: டிக்கியில் மணல் மூட்டைகளை வைத்தால் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: பாரம் ஏற்றாதபோது பின்பகுதி மிக இலேசாக இருக்கும் பிக்கப் வண்டிகளுக்கு அது உதவும். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப்பாதியாகவே எடை பகிரப்பட்டிருக்கிறது. போர்ஷே 911 போலப் பின்முனையில் எஞ்சின் வைத்த காரில் 60 சதவீதத்துக்கும் மேலான எடை ஏற்கெனவே பின்சக்கரங்களின் மீதுதான் இருக்கிறது. பின் அச்சுக்கும் பின்னால் வைக்கும் மூட்டை, கிளம்புவதற்குக் கொஞ்சம் உதவினாலும், வளைவில் வால் வீசத் தொடங்கிவிட்டால் அந்த வீச்சை நிறுத்துவதைக் கடினமாக்கும். முன்சக்கரங்களின் மீதான அழுத்தத்தையும் குறைக்கும். கட்டாத மூட்டையோ மோதலின்போது இருக்கைகளை நோக்கிப் பாய்ந்து வரும். மூட்டைக்குப் பதிலாக ஒரு சிறு மண்வாரியையும், சக்கரத்தின் கீழே தூவக் கொஞ்சம் மணலையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: சந்திப்பு ஒன்றில் திரும்பும்போது காரின் பின்பகுதி திடீரென்று வெளியே போய்விட்டது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். கார் முழுவதுமாகச் சுழன்று நின்றது. அந்த நேரத்தில் கையும் காலும் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று நம்புகிறேன். உங்களுக்கு நடந்ததை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சந்திப்பில் நின்று கிளம்பும் கார்களின் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்துப் பனியைக் கண்ணாடிபோல் ஆக்கியிருக்கும். ஸ்டியரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக அழுத்தியிருப்பீர்கள். பின் டயர்கள் சுழன்றன. சுழலும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு மிச்சமிருக்காது என்பதால் வால் வெளியே போனது. நீங்கள் பிரேக்கை அழுத்தியதும் காரின் எடை முன்னால் சாய, அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்த பின் டயர்கள் மேலும் இலேசாகிவிட்டன.

செய்ய வேண்டியது இது. பார்வையை நீங்கள் போக வேண்டிய திசையில் வையுங்கள். மோதிவிடுவோமோ என்று அஞ்சும் கம்பத்தைப் பார்த்தால் கையும் அங்கேயே போகும். பின்பகுதி எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்துங்கள். வெடுக்கென்று எடுத்தால் எஞ்சினின் இழுவை பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப் பார்த்து, சறுக்கலை இன்னொரு விதமாக வளர்க்கும். மேனுவல் கியர் காராக இருந்தால் கிளட்சை முழுவதுமாக அழுத்திவிடுவதே பாதுகாப்பான வழி, ஏனெனில் அப்போது பின்சக்கரங்கள் எந்த விசையும் இல்லாமல் உருண்டு, பக்கவாட்டுப் பிடிப்பை மீட்டுக்கொள்ளும்.

இதன் பிறகு வரும் நொடியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வால் திரும்பி வரத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே ஸ்டியரிங்கையும் நேராக்கத் தொடங்க வேண்டும். கார் முழுவதும் நேரான பிறகுதான் திருப்புவேன் என்று காத்திருந்தால், பின்பகுதி முதல்முறையைவிட வேகமாக எதிர்ப்பக்கம் வீசும். விபத்துகளில் பல இந்த இரண்டாவது வீச்சில்தான் நடக்கின்றன. இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. பயிற்சி மைதானங்களில் நடக்கும், கார் பனியில் சறுக்குவதைச் சமாளிக்கும் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, சறுக்கல் தொடங்குவதை இடுப்பால் உணரப் பழகுங்கள். இருக்கைக்கு அடியில் பின்பகுதி இலேசாவதுபோல் தோன்றும் அந்த முதல் உணர்வு, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வந்துவிடும்.

கேள்வி: பனியில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்து வைக்க வேண்டுமா? எனது காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் இருக்கிறது.

பதில்: சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அந்த அமைப்பை ஓடும்போது அணைக்கவே வேண்டாம். அதோடு சேர்ந்து இயங்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாக அழுத்தி வாலை அடக்குகிறது; எந்த ஓட்டுநராலும் தன் ஒரே பிரேக் மிதியால் அதைச் செய்ய முடியாது. அசையாமல் சிக்கிக்கொண்ட இடத்தில் மட்டும் இது விதிவிலக்கு: சக்கரம் சற்றுச் சுழல முற்பட்டவுடன் எஞ்சின் விசையை டிராக்‌ஷன் கண்ட்ரோல் வெட்டிவிடுவதால், கார் அசையாமலே நிற்கும். அப்போது டிராக்‌ஷன் கண்ட்ரோலை மட்டும் அணைத்து, இரண்டாவது கியரில் கிளட்சை மிக மெல்ல விட்டு வெளியே வாருங்கள். வந்தவுடன் மறக்காமல் மீண்டும் இயக்குங்கள். சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிக்கொண்டிருந்தால் கீழே உள்ள பனி உருகி உறைந்து, நீங்களே ஒரு பனிக்கட்டித் தட்டை உருவாக்கிவிடுவீர்கள்.

டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கர அமைப்பு. அதன் சாதாரண வகையில், வழுக்கும் சக்கரத்துக்குக் கிடைக்கும் அளவு விசையே நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். லிமிடெட் ஸ்லிப் வகை அந்தக் குறையைத் தீர்ப்பதால் கிளம்புவது எளிதாகும். ஆனால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரேயடியாகச் சுழன்றால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது; சாலையின் சரிவை நோக்கிக் கார் மெல்ல நழுவும்.

கேள்வி: மலைச்சாலையில் ஏறுவதிலும் இறங்குவதிலும் எது அதிகக் கவனம் கேட்கும்?

பதில்: இறங்குவதுதான். ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாய்வது உங்கள் காருக்குச் சாதகமே. ஆனாலும் எடையில் பாதிதான் இயங்கும் சக்கரங்களின் மீது இருப்பதால், இறுகிய பனியில், 100 மீட்டருக்குச் சுமார் 10 மீட்டர் உயரும் சரிவிலேயே எல்லை வந்துவிடும். ஏற முடியவில்லை என்றால் நின்றுவிடலாம். இறக்கத்தில் அந்த வாய்ப்பு இல்லை. இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியருக்கு மாறிவிடுங்கள். வழியில் கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால், எஞ்சினின் தடை முழுவதும் பின்சக்கரங்களில் மட்டுமே விழுந்து, கைப்பிரேக்கை இழுத்ததற்கு ஒப்பான விளைவைத் தரும். பின்சக்கர இயக்க மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இதே காரணத்துக்காக, காலை எடுத்தவுடன் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் அமைப்பைப் பனிநாளில் குறைந்த அளவில் வைக்க வேண்டும். சங்கிலி மாட்ட வேண்டி வந்தால் அது பின்சக்கரங்களுக்கு உரியது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் டயருக்கும் சக்கர வளைவுக்கும் இடையே போதிய இடைவெளி இருக்காது என்பதால் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி: பனியில் பின்சக்கர இயக்கக் கார்கள் ராலி எனப்படும் சாலைப் பந்தயங்களையே வென்றிருக்கின்றனவே?

பதில்: வென்றிருக்கின்றன. ஸ்வீடன் ராலியை பியோர்ன் வால்டகோர்ட் 1968, 1969, 1970 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் போர்ஷே 911 ஓட்டி வென்றார். அதே ராலியை 1981இல் ஹன்னு மிக்கோலா நான்கு சக்கர இயக்க ஆடி குவாட்ரோவில் வென்றதிலிருந்து காலம் மாறியது. அந்தப் போட்டிகளில் கார்கள் ஆணி பதித்த டயர்களில், எதிரே வாகனம் வராதபடி மூடப்பட்ட சாலைகளில் ஓடின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: எந்த நாளில் காரை எடுக்காமல் இருப்பது நல்லது? எடுத்துவிட்டு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை உண்டா?

பதில்: பனியின் ஆழம் காரின் தரை இடைவெளியை நெருங்கினால் எடுக்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் 12 செ.மீ. அளவிலேயே இருக்கும். அதற்கு மேல் பனி கிடந்தால் காரின் அடிப்பகுதி பனிக்குவியலின் மேல் ஏறி அமர்ந்து, சக்கரங்கள் தரையை அழுத்த முடியாமல் தொங்கும். எவ்வளவு நல்ல டயரும் அப்போது உதவாது. மழை விழுந்தவுடன் உறையும் நாட்களிலும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்கும் அதிகாலைகளிலும் காரை வீட்டிலேயே விடுங்கள்: பூஜ்யத்தை ஒட்டிய ஈரப் பனிக்கட்டி, கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைவிட அதிகமாக வழுக்கும்; பாலங்கள் மற்ற சாலையைவிட முன்னதாகவே உறையும்.

சாலையில் தூவும் உப்பு, இரும்பை விரைவில் அரிக்கும் என்பதால் பனி விட்ட நாட்களில் காரின் அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். கழுவிய உடனே கைப்பிரேக்கைப் போட்டு நிறுத்தினால் அது இரவில் உறைந்து ஒட்டிக்கொள்ளக்கூடும். சில நிமிடங்கள் ஓட்டி, பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி உலர்த்திய பிறகு, சமதரையில் கியரில் போட்டு நிறுத்துங்கள்.