வாசகர் கேள்வி: பெண்குரலில் பாடிய ஜேர்மானியர்

கேள்வி: ஐயா, நான் உவர்மலையில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் கற்பித்து வருகிறேன். அண்மையில் என் மகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு பழைய ஒளிப்பதிவைக் காட்டினான். முகமெங்கும் வெள்ளைப் பூச்சும் உதட்டில் கறுப்புச் சாயமுமாகத் தோன்றும் க்ளவுஸ் நோமி என்னும் ஆண், பெண்களுக்குரிய உச்ச ஸ்தாயியில், மேலைநாட்டு இசைநாடகமான ஒப்பராப் பாடுகிறார். அது அவருடைய சொந்தக் குரல்தானா? இரண்டே இசைத்தட்டுகளோடு அவர் நின்றுபோனது ஏன்?
— வாசகி, திருகோணமலை

பதில்: சொந்தக் குரல்தான், அம்மா. 1978இல் நியூயோர்க்கில் நடந்த ஒரு பல்சுவை நிகழ்ச்சியில், பிரெஞ்சு இசையமைப்பாளர் சென்-சான்ஸ் இயற்றிய ஒப்பராவில் தெலீலாள் பாடும் பாடலை அவர் பாடியபோது, சபையோருக்கும் இதே ஐயம் எழுந்தமையால், இது ஒலிப்பதிவு அன்று என்று அறிவிப்பாளரே மேடையில் சொல்ல வேண்டியதாயிற்று. நம் வித்துவான்கள் 'கள்ளக்குரல்' என்று ஒதுக்கும் முறையை, குரல்நாண்களின் விளிம்பு மட்டும் அதிரும்படி பழக்கி, மேலைநாட்டார் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவ்வாறு பாடும் ஆணைக் கவுண்டர்டெனர் என்பர். (தங்கள் மாணவர்களிடம் அதைத் திருத்துவதை இதற்காக நிறுத்திவிட வேண்டாம்.)

1944இல் ஜேர்மனியின் இம்மென்ஷ்டாட் நகரில் பிறந்த அவருடைய இயற்பெயர் க்ளவுஸ் ஷ்பெர்பர். மேற்கு பேர்லின் ஒப்பரா அரங்கில், வருவோருக்கு இருக்கை காட்டும் ஊழியராக இருந்த அவர், காட்சி முடிந்து இரசிகர்கள் கலைந்த பின்னர் சக ஊழியர்களுக்குப் பாடிக்காட்டுவாராம். அக்காலத்து ஒப்பரா அரங்குகளில் கவுண்டர்டெனருக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்து, கேக் முதலிய இனிப்புப் பண்டங்கள் செய்து பிழைத்தவருக்கு மேடை வாய்த்தபோது வயது முப்பத்துநான்கு. எனவே, பொப் இசைக்கு ஒப்பராவை அவர் அலங்காரமாகச் சேர்த்தார் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்; ஒப்பரா அரங்கில் இடங்கிடையாத குரலுக்குப் பொப் மேடை இடந்தந்தது என்பதே பொருந்தும்.

1979 டிசெம்பர் 15ஆம் திகதி ஆங்கிலேய ரொக் பாடகர் டேவிட் போவிக்குப் பின்னணி பாடியவராக அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். அன்று போவி அணிந்த விறைப்பான பிளாஸ்டிக் அங்கியைப் போன்றதொன்றைத் தமக்கும் செய்வித்துக்கொண்டார். 1981இலும் 1982இலும் இசைத்தட்டுகள் வெளியாகின. 1983 ஓகஸ்ட் 6ஆம் திகதி, முப்பத்தொன்பதாவது வயதில், அப்போதுதான் பெயரிடப்பட்டிருந்த எயிட்ஸ் நோயால் காலமானார். நின்றுபோனதற்குக் காரணம் அதுவே. உச்ச ஸ்தாயியும் சாஸ்திரிய ஞானமும் கொண்டு நாடகமேடையை ஆண்டு, 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா தங்கள் நினைவுக்கு வந்திருக்கலாம்.

மகனிடம் இன்னொரு பதிவைத் தேடித் தரச் சொல்லுங்கள். ஹென்றி பர்செல் 1691இல் இசையமைத்த 'கிங் ஆர்தர்' நாடகத்தில், உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குளிரின் தேவன், மீண்டும் உறைந்து மடியவிடு என்று இரந்து பாடும் பாடல் அது. நடுக்கம் தோன்றும்படி, ஒரே ஸ்வரத்தை அசைத்து அசைத்துப் பாடுமாறு, ஆணின் கீழ்க்குரலுக்காக எழுதப்பட்டது. அதை நோமி மேல் ஸ்தாயியில் பாடினார். மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன், மியூனிக்கில் முழு வாத்தியக் குழுவோடு பாடியபோது, கழுத்தில் நோய் உண்டாக்கிய தழும்புகளைப் பழங்கால மடிப்புக் கழுத்துப்பட்டி மறைத்திருந்தது. முதலில் கீழ்க்குரல் பாடகர் ஒருவரின் பதிவையும் பின்னர் நோமியுடையதையும் கேளுங்கள். அந்த அசைவுகளுக்கிடையே அவர் மூச்செடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால், தங்கள் முதல் கேள்விக்கு என்னைவிடத் தங்கள் செவியே நன்றாக விடை சொல்லும்.