முப்பது வினாடிப் பட்டன்

கேள்வி: என் ஆண்ட்ராய்டு ஆப்பில் ‘மீண்டும் அனுப்பு’ பட்டனை அழுத்தினால் 30 வினாடி முடங்கி, தானாகவே பழைய நிலைக்கு வர வேண்டும். ஆனால் திரையைத் திருப்பினால் பட்டன் உடனே உயிர் பெற்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நானும் விழுந்து எழுந்த குழிதான் இது. திரையைத் திருப்பினால் ஆக்டிவிட்டி (ஆப்பின் ஒரு திரையை இயக்கும் பகுதி) அழிந்து புதிதாகப் பிறக்கும். உங்கள் எண்ணிக்கையும் அதோடு போய்விடும். எனவே மிச்ச வினாடியைச் சேமிக்காதீர்கள், முடியும் நேரத்தைச் சேமியுங்கள். அழுத்திய கணத்தோடு 30,000 மில்லிவினாடியைக் கூட்டி, திரை திரும்பினாலும் அழியாத வியூமாடலில் வையுங்கள். அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் மிச்சம் கிடைக்கும். பூஜ்யத்தைத் தொட்டதும் பட்டனைத் திறந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் வினாடிகளை இறங்குமுகமாக எண்ணும் கவுண்ட்டவுன்டைமரை, பட்டனில் தெரியும் எழுத்தை மாற்ற மட்டும் பயன்படுத்தினால் போதும்.

நேரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் முதலில் ஃபோனின் சாதாரணக் கடிகாரத்தை நம்பினேன். சோதித்த நண்பர் குறும்பாக அதை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள, பட்டனில் ‘3624 வினாடி’ என்று வந்து நின்றது! அன்றைக்கே எலாப்ஸ்டுரியல்டைமுக்கு மாறினேன். ஃபோன் ஆன் ஆனதிலிருந்து எண்ணும் கடிகாரம் அது. ஃபோன் தூங்கினாலும் ஓடும், செட்டிங்ஸில் நேரத்தை மாற்றினாலும் அசையாது.

அப்புறம், நெட் இல்லாமல் அனுப்புவது தோற்றால் பயனரை 30 வினாடி தண்டிக்காதீர்கள், உடனே திறந்துவிடுங்கள். சர்வரிலும் இதே 30 வினாடித் தடையை வையுங்கள். ஏனென்றால் ஆப்பை மூடித் திறப்பவரை இந்தப் பட்டன் தடுக்காது.