பஸ் ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தம்தான் தமிழ்நாட்டு பட்ஜெட்டைக் காலி செய்கிறதா?

கேள்வியில் "மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஸ்டிரைக் செய்து சம்பளத்தை ஏற்றிக்கொள்கிறார்கள், பற்றாக்குறை வராமல் என்ன செய்யும்?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். ஸ்டிரைக் நாளில் ஷேர் ஆட்டோவில் நசுங்கி ஆபீஸ் போனவராக இருப்பீர்கள். கோபம் நியாயம்தான். நான் 29 வருடம் கண்டக்டராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவன். சங்கத்துக்குச் சந்தா கட்டியதோடு சரி, கொடி பிடித்ததில்லை. அதனால் "இவன் அந்தக் கட்சிக்காரன்" என்று பின்னூட்டத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

நேரடிப் பதில்: இல்லை. பட்ஜெட் புத்தகத்தில் "சம்பளங்கள்" என்று வரும் தொகைக்குள் நாங்கள் கிடையாது. ஆசிரியர், போலீஸ், தாசில்தார் எல்லாம் அதற்குள் வருவார்கள். அவர்களுக்கு ஊதியக் குழு, அரசாணை. நாங்கள் கம்பெனிகளாகப் பதிவான எட்டுப் போக்குவரத்துக் கழகங்களின் ஊழியர்கள். எங்களுக்குப் பேச்சுவார்த்தை, பிறகு தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தம். 2025 மே வரை வந்தவை 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் போடப்பட்டவை. மாணவர் பஸ் பாஸுக்கு ஈடு, டீசல் மானியம், 2021 மே முதல் மகளிர் இலவசப் பயணத்துக்கான தொகை, அவ்வப்போது கடன், முன்பணம் என்றுதான் கழகங்கள் பட்ஜெட்டுக்குள் வருகின்றன. பள்ளிப் பிள்ளையை அரசு சொல்லி நாங்கள் ஏற்றிக்கொண்டு போகிறோம். அதற்கு அரசு தரும் காசுக்குப் பெயர் மானியம்! நமக்கே ஏதோ பிச்சை போட்ட மாதிரி.

2018 ஜனவரி ஸ்டிரைக்கை எல்லோரும் சொல்லிக் காட்டுகிறார்கள். அரசு 2.44 என்றது, சங்கங்கள் 2.57 என்றன. பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரைப் படித்துவிட்டு, "சம்பளம் ரெண்டரை மடங்கா வேணுமாமே?" என்று கேட்டார். அது அப்படியில்லை. 2.57 என்பது அரசு ஊழியர்களுக்கு 2017 அக்டோபரிலேயே அறிவித்த பெருக்கல் எண். அவர்கள் கணக்கில் அடிப்படை 10,000 ரூபாய் என்றால் 125 சதவீத அகவிலைப்படியோடு முன்பே 22,500 வந்துகொண்டிருந்தது. அந்த 10,000-ஐ 2.57-ஆல் பெருக்கினால் 25,700. உண்மையில் ஏறியது 3,200. இதே 10,000-க்கு 2.44 என்றால் 24,400. அந்த 1,300 ரூபாய்தான் சண்டை. ஸ்டிரைக் நடந்த அதே ஜனவரி 20-ஆம் தேதி பஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். 2011 நவம்பருக்குப் பிறகு அதுதான் முதல் உயர்வு. இடையில் ஆறு வருடம் டீசல் என்ன சும்மாவா இருந்தது? ஆனால் டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது திட்டு வாங்கியது நான்.

இனி என் கதை. 2017-ல் மகளுக்கு நர்சிங் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் கேட்கப் போனேன். அங்கிருந்த பெண் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "பழைய கடன்லயே ஏழு மாசம் பாக்கி நிக்குதே அண்ணே" என்றார். நான் பையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பரப்பினேன். ஏழிலும் "சொசைட்டி 6,850" என்று பிடித்தம் அச்சாகியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்காங்க அண்ணே, எங்களுக்கு அனுப்பல" என்றார். பாக்கிக்கு வட்டி வேறு ஓடிக்கொண்டிருந்தது. டிப்போ கணக்குப் பிரிவில் போய்க் கத்தினேன். "டீசலுக்குப் போயிடுச்சுப்பா, வண்டி ஓட வேணாமா?" என்றார் கண்காணிப்பாளர். அவருடைய எல்ஐசி பிரீமியமும் அப்படித்தான் நிற்கிறதாம். கட்டணத்துக்கு மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. எந்தக் கழகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பட்ஜெட்டை அலசுகிறவர்கள் பார்க்காமல் விடுவது இதைத்தான். என் சம்பளம் முழுசாகச் செலவில் ஏறிவிட்டது. அதில் பிடித்து வேறு செலவுக்குத் திருப்பிவிட்ட பணம் கழகத்தின் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) "செலுத்த வேண்டியவை" என்று ஒரு மூலையில் கிடக்கும். மாநிலத்தின் கடன் கணக்கில் வராது. வட்டியில்லாமல் கடன் கொடுத்தவன் நான். சுமை என்று பெயர் வாங்குகிறவனும் நான்.

ஒப்பந்தத் தேதிகளையும் பாருங்கள். 13-ஆவது ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்தது கையெழுத்தானது 2022 ஆகஸ்டில், 5 சதவீத உயர்வு. மூன்று வருடம் என்பதையும் அப்போதுதான் நான்காக்கினார்கள், உங்கள் கேள்வி அங்கேயே பழசாகிவிட்டது. 15-ஆவது 2023 செப்டம்பரில் வந்திருக்க வேண்டும், வந்தது 2025 மே மாதம், 6 சதவீதம். ஓய்வூதியர்களுக்கு 2015 நவம்பரிலிருந்து அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள். அதற்கும் சேர்த்துத்தான் 2024 ஜனவரியில் ஸ்டிரைக்.

மாநில நிதி நிலைமை பற்றி அரசு வெளியிட்ட 2021 ஆகஸ்டு வெள்ளை அறிக்கையில் பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று போட்டிருந்ததைச் சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள். கொரோனாவில் வண்டிகள் டிப்போவிலேயே நின்ற காலத்தை ஒட்டி வந்த அறிக்கை அது. அதற்காக எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். டூட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு சங்க அறையில் கேரம் ஆடியவர்களை எனக்கும் தெரியும்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் 29 வருடமாக நெஞ்சில் இருக்கிறது. 7 ரூபாய் டிக்கெட்டுக்குக் காலையில் முதல் டிரிப்பிலேயே 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறீர்களே, கண்டக்டர் பையில் என்ன ரிசர்வ் வங்கியா இருக்கிறது? மீதி ஒரு ரூபாய் இல்லை என்றால் திருடன் பட்டம் வேறு.

சரி. ஓய்வு பெறும்போது நாணயச் சங்கத்தில் "பாக்கி இல்லை" சான்று கேட்டேன். தரவில்லை, இன்னும் நான்கு மாதப் பிடித்தம் வந்து சேரவில்லையாம். கடைசியில் பணிக்கொடையிலிருந்து அந்த 27,400 ரூபாயை மறுபடியும் பிடித்தார்கள். "அப்புறம் திருப்பித் தந்துடுவாங்க" என்றார் கண்காணிப்பாளர். சீட்டுகள் நான்கையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.