நின்ற இடத்தில் புள்ளி அலைகிறதா?

உங்கள் ஜி.பி.எஸ். கருவி கெடவில்லை. பெங்களூரு எம்.ஜி. ரோட்டில் பத்து நிமிடம் அசையாமல் நின்றும், திரையில் உங்கள் இடத்தைக் காட்டும் புள்ளி 25 மீட்டர் அலைந்தது என்கிறீர்களே, அது சுற்றியுள்ள கட்டிடங்களின் வேலை.

செயற்கைக்கோள் சிக்னல் நேராகவும் வரும், எதிர்க் கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்தும் வரும். தெறித்தது கொஞ்சம் தாமதம். 0.1 மைக்ரோ நொடி பிந்தினாலே அந்தச் செயற்கைக்கோளின் தூரக் கணக்கில் 30 மீட்டர் வரை பிழை! செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் பிழையும் மாறும். நீங்கள் நின்றாலும் புள்ளி நிற்காது.

அல்சூர் ஏரிக்கரைக்குப் போய், மரம் மறைக்காத இடத்தில் கருவியை வானம் பார்க்க வைத்து, 15 நிமிடம் டிராக் (போன பாதை) பதிவு செய்யுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், உடம்பும் சிக்னலை மறைக்கும். (சட்டைப் பையில் வைத்துவிட்டு நானே ஒரு நாள் கருவியைத் திட்டியிருக்கிறேன்.) அலைச்சல் ஐந்தாறு மீட்டருக்குள் அடங்கினால் கருவி சரி.

ஒன்று மட்டும்: திரையில் தெரியும் ‘±4 மீ’ பிழை எவ்வளவு இருக்கும் என்று கருவி தானே போடும் மதிப்பீடு. தெறித்த சிக்னலை அது பெரும்பாலும் கண்டுபிடிக்காது. அப்புறம், டீக்கடையில் நிற்கும்போது பதிவை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் நடக்காத தூரமும் கணக்கில் ஏறும்.