15 விநாடித் தோட்டாக்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் விமானிகள் வானில் மணிக்கணக்காகச் சண்டையிட்டதாகக் கதைகளில் படிக்கிறோம். உண்மையில் அந்த அனுபவம் எப்படி இருந்தது?

பதில்: மணிக்கணக்கு என்பது கதாசிரியர்களின் தாராளம். 1940-இல் பிரிட்டனைக் காக்கப் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தபோதிலும், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 தோட்டாக்களே இருந்ததால், விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 15 விநாடிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆகவே சுடுவதைவிடப் பார்ப்பதே பெரிய வேலை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பாயும் எதிரியைத் தேடி ஓயாமல் திரும்பியதில், சட்டைக் காலர் உராய்ந்து கழுத்துத் தோல் புண்ணாகும்; விமானிகள் பட்டுத்துணி சுற்றிக்கொண்டது அதற்காகத்தான், அலங்காரத்துக்காக அல்ல.

இயந்திரமும் சில நேரம் காலை வாரியது. ஜெர்மானிய மெசர்ஷ்மிட் 109 மூக்கைச் சட்டெனத் தாழ்த்திப் பாய்ந்து தப்பும்போது, அதேபோல் துரத்தப் புகுந்த ஸ்பிட்ஃபயரின் கார்புரேட்டரில் (எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) எரிபொருள் மேலெழும்பி எஞ்சின் திணறும். எதிரியின் எஞ்சினிலோ எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் வடிவமைத்த, துளையிட்ட சிறு உலோகத் துண்டு 1941-இல் இக்குறையைப் பெருமளவு தணித்தது.

துப்பாக்கித் துளைகளின் மேல் துணி ஒட்டியிருப்பார்கள். சுட்டால் அது கிழிந்துவிடும். தரையிறங்கும் விமானத்தின் இறக்கையில் காற்று ஊளையிடுவதைக் கேட்டே, விமானி சண்டையிட்டுத் திரும்புகிறார் என்று தரைப் பணியாளர்கள் அறிந்துகொள்வார்கள்.