97 சதவீதமா, 30 வயதா? இரண்டும் வேறு வேறு கணக்கு

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 மாதம். பிறவியிலேயே இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்திருக்கும் டெட்ராலஜி ஆஃப் ஃபேலட் என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். 97 சதவீதம் பயமில்லை என்கிறார் சர்ஜன். சொந்தக்காரர் ஒருவரோ, இப்படிப் பிறந்த பிள்ளைகள் 30 வயதைத் தாண்டுவதில்லை என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: சர்ஜன் சொல்வதைத்தான். ஆனால் அந்த 97 எந்தக் கேள்விக்கு விடை என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். இதய ஆபரேஷனில் சொல்லப்படும் சதவீதம் பெரும்பாலும் குழந்தை உயிரோடு வீடு திரும்புகிறதா, முதல் 30 நாளைத் தாண்டுகிறதா என்பதை வைத்துப் போடுவது. அதற்குப் பிறகு வரும் 50, 60 வருடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உங்கள் சொந்தக்காரர் பேசுவது அந்தப் பிந்தைய காலத்தைப் பற்றி, அதுவும் தப்பான கணக்கோடு.

ஆபரேஷனே செய்யாமல் விட்டால் அவர் சொல்வதில் உண்மை உண்டு, இந்தக் கோளாறோடு பெரும்பாலோர் இளம் வயதைக் கடப்பதே கஷ்டம். செய்துகொண்டவர்கள் கதை வேறு. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை என்ற சர்ஜனும் அவருடைய குழுவும் இதை முதன்முதலில் முழுமையாகச் சரிசெய்தபோது இதய-நுரையீரல் இயந்திரம்கூடக் கையில் இல்லை; பெரியவர் ஒருவரை, பெரும்பாலும் அப்பாவையோ அம்மாவையோ, பக்கத்தில் படுக்கவைத்து, அவருடைய ரத்த ஓட்டத்தோடு குழந்தையை இணைத்துத்தான் செய்தார்கள். அப்படிப் பலவகை இதயக் கோளாறுகளுக்காக ஆபரேஷன் செய்த 45 பேரில் 28 பேர் வீடு திரும்பினார்கள். அடுத்து, 1955 முதல் 1960 வரை மேயோ கிளினிக் என்ற அமெரிக்க மருத்துவமனையில் ஃபேலட் ஆபரேஷன் செய்துகொண்டு முதல் மாதத்தைத் தாண்டியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 32 வருடம் கழித்து 86 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதே வயதுள்ள மற்றவர்களில் எதிர்பார்க்கப்பட்டது 96. இன்றைய எக்கோவும் ஐசியுவும் இல்லாத காலம் அது, பலர் நன்றாக வளர்ந்த பிறகுதான் ஆபரேஷனுக்கே வந்தார்கள். உங்கள் மகள் முதல் வயதுக்குள் செய்துகொள்ளப் போகிறாள், அவள் கணக்கு அதைவிட நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, 86-க்கும் 96-க்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அதைத்தான் நான் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதில் பெற்றோர் கையில் இருக்கும் பங்கு பெரிது. நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகலாக இருப்பதை அகலப்படுத்தும்போது, சில குழந்தைகளுக்கு வால்வின் வளையத்தையும் வெட்டி பேட்ச் வைத்துத் தைக்க வேண்டிவரும். அடைப்பு போய்விடும், ஆனால் வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் வலது கீழறைக்கே திரும்பி வரும். இதைக் குழந்தை வருடக்கணக்காகத் தாங்கும். ஓடும், விளையாடும், நீலம் பாரிக்காது, பார்ப்பவர்கள் பூரண குணம் என்றே நினைப்பார்கள். அந்த அறை மட்டும் சத்தமில்லாமல் விரிந்துகொண்டே போகும். மூச்சு வாங்குகிறது என்று வாலிப வயதில் வந்து நிற்கும்போது, வால்வு மாற்றினாலும் பழைய அளவுக்குத் திரும்பாத கட்டத்தை அது எட்டியிருக்கலாம். அதனால்தான் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் எக்கோ, பிறகு கொஞ்சம் பெரியவளானதும் எம்.ஆர்.ஐ. எடுத்து அறையின் கொள்ளளவை அளப்பார்கள். ஈ.சி.ஜி.யில் க்யூ.ஆர்.எஸ். என்ற பகுதியின் அகலத்தையும் பார்ப்பார்கள். பெரியவர்களில் அது 180 மில்லி செகண்டைத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது.

வால்வு மாற்றுவது என்றால் மறுபடி நெஞ்சைத் திறப்பதுதானா என்று பயப்பட வேண்டாம். 2000-ஆம் ஆண்டு முதல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே வால்வைக் கொண்டுபோய் வைக்கும் முறை இருக்கிறது, எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் பலருக்குப் பொருந்தும். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு டாக்டர் என்று பத்து வயதோடு செக்கப்பை நிறுத்திவிடும் குடும்பங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, 97 போக மிச்சமிருக்கும் 3-ஐப் பற்றி அவ்வளவு இல்லை.

அந்த 3-ம் எல்லாக் குழந்தைகளுக்கும் சமமாகப் பங்கிட்ட 3 அல்ல. எடை மிகக் குறைவு, நுரையீரல் ரத்தக்குழாய்கள் ரொம்ப மெலிந்திருப்பது, நிலைமை மோசமாகி அவசரமாகச் செய்வது, மரபணுக் கோளாறு கூடவே இருப்பது, இவற்றில்தான் ஆபத்து குவிகிறது. அதனால் சர்ஜனிடம் "சராசரி சரி, என் மகளுக்கு எவ்வளவு?" என்று நேராகவே கேளுங்கள். வால்வைக் காப்பாற்ற முடியுமா, வளையத்தை வெட்ட வேண்டிவருமா என்று கேளுங்கள். 22-ஆவது குரோமோசோமில் சிறு பகுதி விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் 22க்யூ11 என்ற மரபணுச் சோதனை செய்தாயிற்றா என்பதையும் விடாதீர்கள். அந்தக் கோளாறு இருந்தால் ஆபரேஷன் சமயத்தில் கால்சியம் தடாலென்று இறங்கலாம், ஏற்றும் ரத்தத்தையும் கதிர்வீச்சு கொடுத்துப் பதப்படுத்தியதாகத் தர வேண்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்செலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை பிட்டத்துக்குக் கீழே கொடுத்து அப்படியே அள்ளி எடுங்கள். முதல் சில வாரத்தில் காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமல் சிணுங்குவது என்று வந்தால் சாதாரண ஜுரம் என்று விட்டுவிடாமல் அன்றே காட்டுங்கள், இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம்.

அப்புறம், ஆபரேஷன் தேதி வரைக்குமான ஒரு விஷயம். அழும்போதோ பால் குடித்த பிறகோ திடீரென்று உதடும் நகமும் கருநீலமாகி, மூச்சு வேகமாகி, குழந்தை துவண்டுபோனால், மல்லாக்கப் படுக்கவைத்தோ தோளில் சாய்த்தோ இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடியுங்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தம் இதனால் கூடும். ஒருவர் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். நீலம் தானாகத் தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் தேதியை முன்னால் நகர்த்த அதுவே போதுமான காரணமாக இருக்கலாம்.