இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே எல்லைத் தகராறு: எந்த பாரிஸ்டரைப் பிடிப்பது?

கேள்வி: லீட்ஸில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார். லண்டன் பாரிஸ்டரா (கோர்ட்டில் வாதாடும் வழக்கறிஞர்), உள்ளூர் பாரிஸ்டரா?

உள்ளூரிலேயே பாருங்கள். 2017 முதல் லீட்ஸ், மான்செஸ்டர், பர்மிங்காம், பிரிஸ்டல் போன்ற ஊர்களிலேயே வணிக, சொத்து நீதிமன்றங்கள் இயங்குகின்றன. நிலச் சட்டத்தை மட்டுமே பார்க்கும் பாரிஸ்டர்கள் அங்கேயே இருக்கிறார்கள். லண்டன்காரருக்குப் பயணச் செலவும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும்.

ஆனால் 'சொத்து வழக்கு' என்று வலைத்தளத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வாடகைக்காரரைக் காலி செய்யும் வழக்கு வேறு. அண்ணன் பெயரிலுள்ள வீட்டில் தம்பி போட்ட டெபாசிட்டுக்குப் பங்கு கேட்பது வேறு. அது 1996ஆம் ஆண்டின் நில அறக்கட்டளைச் சட்டத்தில் வரும். எல்லை, வழி உரிமை இரண்டும் இன்னொரு வகை. சேம்பரின் (பாரிஸ்டர்கள் சேர்ந்து இயங்கும் அலுவலகத்தின்) கிளார்க்கிடம் நேராகவே கேளுங்கள்: 'இவர் எல்லை வழக்கை விசாரணை முடியும்வரை நடத்தியிருக்கிறாரா, கடைசியாக எப்போது?' பொதுவாகப் பேசி மழுப்பினால் அடுத்த சேம்பருக்குப் போய்விடுங்கள்.

கட்டணம் பேசுவதும் கிளார்க்கிடம்தான். 'பிரீஃப் ஃபீ' என்பது தயாரிப்புக்கும் விசாரணையின் முதல் நாளுக்கும். அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் தனித் தொகை. எல்லாவற்றுக்கும் மேல் 20% வாட் வரி. முந்தின நாள் சமரசம் ஆனாலும் பிரீஃப் ஃபீயைக் கொடுத்தாக வேண்டுமா, எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, வேறு வழக்கு இழுத்துக்கொண்டே போனால் உங்கள் வழக்கை அவர் கடைசி நேரத்தில் வேறொருவரிடம் ஒப்படைக்கக்கூடும். அந்த இன்னொருவர் யார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சொலிசிட்டர் (வழக்கின் தாள், கடித வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர்) இல்லாமல் நேரடியாக பாரிஸ்டரை அமர்த்தலாம். அவருக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்பதை பாரிஸ்டர்களைக் கண்காணிக்கும் அமைப்பான பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வழக்கை நடத்தத் தனி அனுமதி இல்லாத பாரிஸ்டர் உங்களுக்காகக் கோர்ட்டில் மனுப் போட முடியாது. தாள்களைத் தாக்கல் செய்வதும் கெடு தேதிகளைக் கவனிப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். சிக்கலான வழக்கில் இந்த மிச்சம் பிடிப்பது ஆபத்து.

விசாரணைக்கு ஆள் தேடும் முன், ஒரு பாரிஸ்டரிடம் எழுத்துபூர்வமான ஒரு கருத்துரையை மட்டும் வாங்குங்கள். நான் மிக அழுத்திச் சொல்வது இதைத்தான். லேண்ட் ரெஜிஸ்ட்ரி (அரசின் நிலப் பதிவு அலுவலகம்) வரைபடத்தின் சிவப்புக் கோட்டைக் காட்டி 'இதுதான் என் எல்லை' என்பார்கள். ஊர்ப்பகுதிகளில் அந்த வரைபடம் பெரும்பாலும் 1:1250 அளவு. அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 60 செ.மீ. தாண்டும். சண்டையே பலமுறை அதைவிடச் சின்ன துண்டுக்குத்தான். சட்டப்படியும் அது பொதுவான எல்லையைத்தான் காட்டுகிறது. வழக்கைத் தீர்மானிப்பது பழைய விற்பனைப் பத்திரத்தின் அளவுகள், தேதியுள்ள புகைப்படங்கள், சர்வேயர் அறிக்கை. இரண்டு வீட்டின் பதிவையும் வரைபடத்தையும் எடுத்து, ஒரு பக்கக் கால வரிசையோடு கொடுங்கள். பழைய பத்திரத்தைக் கேட்காமலே 'ஜெயிக்கலாம்' என்று சொல்கிறவர் வேண்டாம். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் பொதுவாக உங்கள் தலையில்தான் விழும்; அது நிலத்தின் விலையை எளிதில் தாண்டிவிடும்.

வீட்டுக் காப்பீட்டில் சட்டச் செலவுப் பிரிவு இருந்தால், ஒரு பவுண்டுகூடச் செலவழிக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அனுமதிக்கு முந்தைய செலவைப் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நீண்டகால அனுபோகம் (பல வருஷம் தன் வசம் வைத்திருந்ததால் நிலம் தனக்கே என்பது) கோரி மனுக் கொடுத்து, லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் இந்தத் தேடலெல்லாம் பிறகு. பதில் தர 65 வேலை நாட்கள்தான் உண்டு. பதில் போகாவிட்டால் அந்தத் துண்டு நிலம் அவர் பெயருக்கே மாறிவிடலாம். கிடைக்கிற சொலிசிட்டரை வைத்தாவது முதலில் ஆட்சேபணையை அனுப்பிவிடுங்கள்.